கேமராவுக்கு எட்டாத மேல்பாதி

பக்கத்து மேஜைக்காரருக்கு ஆபீஸில் நாங்கள் வைத்த பெயர் எல்லைக்காரர். சின்னக் கருவிகளுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுகளுக்கு விவரக் கோப்பு எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. போர்டில் என்னென்ன பாகம் இருக்கிறது, மெமரியில் எதுவரை ஒவ்வொரு பாகத்துக்கும் கை எட்டும் என்று அதில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பாகத்துக்கு எட்டாத இடத்தை மென்பொருள் அதன் தலையில் கட்டிவிடும். யாராவது அந்த எல்லை வரியை மறந்தால் மனிதர் அன்று முழுக்க அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். எனக்கும் விழுந்திருக்கிறது. பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்னதுதான் சரியாக இருந்து தொலைக்கும்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அம்மா மட்டும். அவரைச் சாப்பிட யாரும் கூப்பிட மாட்டோம், நானும்தான். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஒரு குட்டிப் படத்தைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுவார். அம்மாவின் அறையில் அவரே செய்து மாட்டிய கேமரா அனுப்பும் படம். அம்மாவுக்குக் காது மந்தம், போன் சரிப்படாது. அதனால், "நான் பாத்துட்டேதான் இருப்பேன்மா. ஏதாவதுன்னா கையை ஆட்டு, ஓடி வந்துடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

போன வாரம் அந்தக் கேமராவின் போர்டை மாற்றினார். புதியதில் மெமரி இரண்டு மடங்கு. கோப்பு மட்டும் பழையதையே நகலெடுத்துப் போட்டார். பழைய போர்டில் இருந்த மெமரி முழுக்கக் கேமராவுக்கு எட்டியதால் எல்லை வரிக்கே அதில் வேலை இருக்கவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தபோது படம் ஜோராக வந்ததாம். வராமல் என்ன, ஆன் செய்த புதிதில் கேமராவுக்கு எட்டுகிற கீழ்ப்பாதி காலியாகத்தானே கிடக்கும், படம் அங்கேதான் போகும்.

நேற்று மத்தியானம் ஸ்டேப்ளர் கேட்கப் போனேன். படத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலடியில் வெயில்.

"காலையிலேருந்து நல்ல தூக்கம்" என்றார் எல்லைக்காரர்.

"சார், உங்க வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே? இங்க மழை கொட்டுது."

ஜன்னலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மெமரி மேல்பாதில இடம் குடுத்திருக்கு, அது கேமராவுக்கு எட்டாது. கேமரா புதுப் படத்தை எங்கயோ கொட்டுது. இது காலையில வந்த பழைய படம். நான் எல்லையைப் போடல" என்று எழுந்தார். என் காரிலேயே போனோம்.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. ஒரு கை மட்டும் கேமராவைப் பார்த்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன்.

"எவ்ளோ நேரமா ஆட்டிட்டு இருக்கேன். நீ பாக்கலியாடா?"

அவர் தரையில் உட்கார்ந்து அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். குனிந்து, அந்தக் காதுக்குக் கேட்கும்படி கத்திச் சொன்னார்:

"பாத்துட்டேதான்மா இருந்தேன்."