உயர நாற்காலியில் மாப்பிள்ளை

முருகேஷுக்கு வந்த வரன்கள் எல்லாம் ஒரே கேள்வியில்தான் தட்டிப்போயின. "பையன் என்ன வேலைங்க?" என்று பெண் வீட்டார் கேட்பார்கள். "லைஃப் கார்டுங்க" என்பாள் அவன் அம்மா சுப்புலட்சுமி. அது எக்ஸ்போர்ட் கம்பெனியா, லோக்கலா என்று அடுத்த கேள்வி வரும். திருப்பூரில் பிழைக்கிற ஒருவன் பனியனைத் தவிர வேறொன்றை நம்பிச் சோறு தின்ன முடியும் என்பதை அங்கே யாரும் ஏற்கத் தயாராக இல்லை. அருள்புரம் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, குளிக்கிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை என்று விளக்கியதும், காபி டம்ளர்கள் பாதியில் கீழே இறங்கும். அப்படிச் சொன்னால் யாருக்கும் ஒரு மாதிரியாகத்தானே இருக்கும்.

அவனும் ஒரு காலத்தில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவன்தான். கிணற்றில் குதித்தே வளர்ந்த உடம்பு டியூப் லைட்டுக்குக் கீழே வதங்கிப்போனது. குளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினான். பயிற்சி எடுத்து, பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவனின் நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்பதுவரை கற்றுக்கொண்டு, சிவப்பு டீ-சர்ட்டும் விசிலும் கைக்கு வந்த நாளில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வேலைக்குச் சட்டம் ஒன்றுதான். கண் தண்ணீரைவிட்டு நகரக் கூடாது. ஆழமான மூலையிலிருந்து படிக்கட்டுவரை, அடித்தரையிலிருந்து மேல்மட்டம்வரை பார்வை போய்த் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசலாம், முகத்தைப் பார்க்கக் கூடாது.

இப்படிப்பட்டவனுக்கு மண்ணரையிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் சித்ராதேவி, ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் துணியில் ஓட்டையும் கறையும் கண்டுபிடிப்பது அவள் வேலை. அப்பா சென்னியப்பன் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருப்பவர். வாட்ஸ்அப்பில் வந்தது ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. அதில் பெண்ணின் பாதி முகத்தை முன்னால் நின்ற யாரோ ஒருத்தியின் கொண்டை மறைத்திருந்தது. தெரிந்த பாதிக்கே முருகேஷுக்குத் தலைகால் புரியவில்லை. மீதிப் பாதியை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதே அந்த வாரம் முழுக்க அவன் நினைப்பு.

சென்னியப்பன் விவரமானவர். சம்பிரதாயமெல்லாம் பிறகு, முதலில் மாப்பிள்ளையின் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும், பெண்ணும் கூட வருவாள் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எனக்கு இடைவேளை, அப்போது வாருங்கள் என்று முருகேஷ் சொல்லி அனுப்பியிருந்தான். ஞாயிறன்று பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கும் என்பது அந்த மகாராஜனுக்கு ஞாபகமில்லை. எமகண்டத்தில் எந்தத் தகப்பன் மாப்பிள்ளை பார்க்கப் போவான்? பதினொரு மணிக்கே நாற்காலிக்குக் கீழே வந்து நின்றுவிட்டார்கள்.

கம்பெனிகளுக்கு லீவு என்பதால் குளம் கொள்ளாத கூட்டம்.

"தம்பி, நல்லா இருக்கறீங்களா?" என்றது ஒரு கனத்த குரல்.

"வாங்க, வாங்க. நல்லா இருக்கறனுங்க," என்றான் முருகேஷ், தண்ணீரைப் பார்த்து.

"பொண்ணும் வந்திருக்குதுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க," என்று அதையும் தண்ணீரிடமே சொன்னான். மல்லிகை வாசம் நாற்காலிவரை ஏறி வந்தது. வளையல் குலுங்கியது. கழுத்து தானாகத் திரும்பப் பார்க்க, அதை இழுத்துப் பிடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

"கல்யாணத்துக்கப்புறமும் இதே வேலைதானுங்களா, இல்லை வேற ஏதாச்சும்..." என்று சென்னியப்பன் தொடங்கினார்.

அப்போதுதான் நடுக்குளத்தில் ஒரு தலை தெரிந்தது. சத்தமில்லை, கையசைப்பில்லை. மூச்சுக்கே வழியில்லாதவன் எங்கிருந்து கத்துவான்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்துக்கு வந்து, இல்லாத ஏணியில் ஏறுவதுபோல் கைகள் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே அவன் கூட்டாளிகள் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். முருகேஷ் விசிலை ஊதிவிட்டு, கேள்வியை அந்தரத்தில் விட்டுவிட்டுக் குதித்தான். சிவப்பு மிதவையை நெஞ்சோடு அணைத்தபடி பின்பக்கமாகப் போய், அக்குளுக்குள் கைகொடுத்து, ஆளை அதன்மேல் சாய்த்துக் கரைக்கு இழுத்து வந்தான். பீகார்ப் பையன். இருமித் தள்ளிவிட்டு, "பையா, பையா" என்று இந்தியில் அண்ணன் முறை சொல்லி முருகேஷின் கையை விடாமல் பிடித்துக்கொண்டான். அவனை ஆபீஸ் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, அதுவரை எதிர்க்கரையிலிருந்து மொத்தக் குளத்தையும் பார்த்துக்கொண்ட இன்னொரு லைஃப் கார்டு ஜெயபாண்டிக்குச் சைகை காட்டிவிட்டு முருகேஷ் நாற்காலியில் ஏறினான். ஏறும்போது குளோரின் வழிந்த கண்ணுக்குப் பச்சையாக ஏதோ ஒரு சேலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"வேற வேலைக்குப் போற உத்தேசமில்லீங்க," என்று விட்ட இடத்திலிருந்து பதிலை முடித்தான்.

"ஆளைக் காப்பாத்துனீங்க, கும்புட்டுக்கறனுங்க," என்றார் சென்னியப்பன். "ஆனா வந்ததிலிருந்து என்ற பொண்ணை நீங்க கண்ணெடுத்துப் பாக்கலீங்களே. ஒரு நொடி திரும்புனா கொளம் வத்தியா போயிரும்?"

"தப்பா நெனைக்காதீங்க. பன்னெண்டு மணிக்கு எறங்கிருவனுங்க."

"பன்னெண்டுக்கு எமகண்டமுங்க. புடிக்கலீன்னா புடிக்கலீன்னு சொல்லிப்போடோணும். வா கண்ணு, போலாம்."

காலடிச் சத்தம் வாசல் பக்கமாகப் போனது. எத்தனையோ வரன் போயிருக்கிறது, முருகேஷுக்கு இப்படி வலித்ததில்லை. ஓடிப்போய்க் காலில் விழலாம் போலிருந்தது. பார்வை மட்டும் ஆழத்திலிருந்து நடுக்குளத்துக்கும், அங்கிருந்து படிக்கட்டுக்கும் வழக்கம்போல் வந்தது.

படிக்கட்டில் பச்சைச் சேலை இறங்கிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து நிதானமாக இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அவனை நேராக நிமிர்ந்து பார்த்தது. கொண்டை மறைத்த பாதியும் சேர்ந்து முழு முகம். அதுவும் சிரித்த முகம். அதைக் கண்டு மயங்க வேண்டியவனின் கை, பாழாய்ப்போன பழக்கத்தில் விசிலுக்குப் போனது. குளம் மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி ஊதினான்.

"சேலையோட தண்ணியில எறங்கக் கூடாதுங்க. மேல ஏறுங்க."

தன் வருங்கால மனைவியிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இப்பப் பாத்துட்டீங்களா?" என்றாள் சித்ராதேவி. "செக்கிங்ல நானும் துணியவிட்டுக் கண்ணெடுக்க மாட்டனுங்க. அதான் நீங்க பாக்கற எடத்துக்கே வந்துட்டேன்."

"பாத்துட்டனுங்க. ஏறுங்க."

"புடிச்சிருக்குதான்னு சொல்லுங்க. ஏறறேன்."

அதற்குள் படிக்கட்டின் முறை முடிந்து, பார்வை ஆழமான மூலைக்குப் போயாக வேண்டியிருந்தது. "ரொம்பப் புடிச்சிருக்குதுங்க," என்று அந்த மூலையைப் பார்த்து உரக்கச் சொன்னான். அங்கே மல்லாந்து மிதந்துகொண்டிருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர் திடுக்கிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். குளமே சிரித்தது. சித்ராதேவி கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

விசில் சத்தம் கேட்டு சென்னியப்பன் மூச்சிரைக்க ஓடி வந்துவிட்டார். முருகேஷுக்குச் சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை. இனிமேலாவது இந்தப் பெரிய மனிதரை முகம் பார்த்துக் கும்பிட வேண்டாமா என்று நினைத்து, இத்தனை நேரத்தில் முதல்முறையாகக் கழுத்தைத் தண்ணீரிலிருந்து திருப்பினான்.

"என்னைய எதுக்குங்க பாக்கறீங்க?" என்று அலறினார் சென்னியப்பன். "பொண்ணு தண்ணிக்குள்ள நிக்கறா. தண்ணியப் பாருங்க, மாப்ளே."