மரக்காணம் சேற்றில் கேட்கப்பட்ட ஜெபம்

போன வருஷம் மார்ச் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. மரக்காணம் உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற கழிவெளியில், கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற சேற்று நிலத்தில், என் கேமராமேன் குமரன் இடுப்பு வரைக்கும் சேற்றில் புதைந்து நின்றார். அவரை அங்கே இறங்கச் சொன்னது நான்தான். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நான் இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ரெண்டு படம் டைரக்ட் பண்ணினேன், ரெண்டும் ஓடவில்லை. அப்புறம் டிவி சீரியலுக்கு வந்தேன். அது நன்றாகப் போனது. நானே தயாரிப்பாளரும் ஆனேன். ஷூட்டிங்கில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. சபைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு எடுத்தது சீரியலின் கடைசிக் காட்சி. கரையிலிருந்து எடுத்தாலே போதும் என்று குமரன் சொன்னார். சேற்றைக் கடந்து எதிர்ப்பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றேன். உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலையம்மா கிட்டே வந்து, அங்கே சேறு ஆளை உள்ளே இழுக்கும், மத்தியானத்தில் தண்ணீரும் ஏறும் என்று எச்சரித்தார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, அங்கே இருந்தவர்களை எல்லாம் தள்ளிப் போகச் சொன்னேன்.

குமரன் இருபதடி போனதும் முழங்கால் வரை புதைந்தார். காலை எடுக்கப் பார்த்தார், இடுப்பு வரை போனது. லைட்மேன்கள் கயிறு வீசி இழுத்தார்கள். வலியில் கத்தினாரே தவிர வெளியே வரவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, வந்து சேர நேரம் ஆகும்.

நான் கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். இழு, விடு, அந்தப் பக்கம் போ. ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் அவர் மார்புக்கு வந்தது. வரப்பில் முட்டி போட்டேன்.

"ஆண்டவரே, தப்பு என்னோடது. அவரை விட்டுடுங்க."

அவ்வளவுதான் வந்தது.

கண்ணைத் திறந்தபோது அஞ்சலையம்மா ஏழெட்டுப் பேரோடு ஓடி வந்துகொண்டிருந்தார். வழக்கமாக வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போகிறவர்கள். அன்றைக்கு உப்பு ஏற்றுகிற லாரி டயர் வெடித்து வழியில் நின்றதால், தூரத்துக் கொட்டகையில் காத்திருந்தார்கள். எங்கள் சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள்.

"யாரும் இழுக்காதீங்க. இன்னும் உள்ள போவாரு," என்றார். என்னைப் பார்த்து, "சார், நீங்க சும்மா நில்லுங்க."

நின்றேன். கேமரா ட்ராலியை ஓட்ட நாங்கள் கொண்டுவந்திருந்த பலகைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் படுத்தபடி போனார்கள். குமரனை மல்லாக்கச் சாயச் சொல்லி, முதுகுக்கு அடியில் பலகை கொடுத்தார்கள். கையை விட்டுச் சேற்றைத் தளர்த்தி, ஒரு காலை விடுவித்தார்கள். அப்புறம் அடுத்த கால். குமரன் கரைக்கு வந்தார்.

யூனிட் முழுக்கப் பார்க்க அஞ்சலையம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல அவருக்கு சுடுதண்ணி குடுங்க சார்," என்றார்.

குமரன் தன்னைக் காப்பாற்றியது குலதெய்வம் என்கிறார். லாரி டயர் வெடித்ததற்கும் உங்கள் ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார். டயர் நான் முட்டி போடுவதற்கு முன்னாலேயே வெடித்துவிட்டது, உண்மைதான். நான் வாதாடுவதில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே ஆண்டவர் ஆட்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தார் என்று நம்புகிறேன்.

அந்தக் காட்சி இல்லாமலே சீரியல் முடிந்தது. பார்த்தவர்கள் யாரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் கேமராவை இறக்குவதில்லை. அந்த ஊர்க்காரர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் இடம் முடிவு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங் வைப்பதில்லை.

உங்களில் யாருக்காவது தான் செய்த தப்பாலேயே ஒரு கஷ்டம் வந்திருக்கலாம். எந்த முகத்தோடு போய் ஆண்டவரிடம் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு எனக்கும் கேட்க முகம் இல்லை. இருந்தும் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். தப்பு செய்தவன் ஜெபத்தையும் அவர் கேட்கிறார். குமரன் உயிரோடு இருக்கிறார்.