கிச்சாப் தின்ற இலை

டோரிஸ் ஆன்ட்டிக்குப் புல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. காஹாங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் முதுகில் தொட்டியைச் சுமந்து களைமருந்து அடித்தவர். பெர்மாஸ் ஜெயாவில் மகள் ஷர்மைன் வாங்கிய வீட்டில் அவருக்கு மிஞ்சியது வேலியோரம் ஒரு முழ மண். அதில் முளைக்கும் எதுவும் ஒரு மாதத்தைத் தாண்டாது.

அந்த வீட்டுப் பூனையின் பெயர் கிச்சாப். மலாய் மொழியில் சோயா சாஸ் என்று அர்த்தம்; அதை ஊற்றியது போன்ற கறுப்பு. விடியுமுன்பே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் ஷர்மைனுக்குப் பிள்ளை மாதிரி. பகல் முழுக்க அதனோடு பேசிக்கொண்டிருப்பவர் ஆன்ட்டி. அடுத்த வீட்டில் இருப்பதால் எனக்கும் எல்லாம் கேட்கும்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த புதன்கிழமை, கிச்சாப்பை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஆன்ட்டி வேலியோரம் மருந்தடித்தார். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து நிமிர்ந்தால், வாசலில் செருப்பு அலமாரி அருகே கிச்சாப். சன்னல் வழியாக வந்திருந்தது. தலையைச் சாய்த்து எதையோ மென்றது. வாயோரம் ஒரு பச்சைக் கீற்று. ஆன்ட்டி ஓடிப் போவதற்குள் விழுங்கிவிட்டது. வேலி தாண்டி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி! கார எடு! கிச்சாப் புல்ல தின்னுடுச்சு. மருந்தடிச்ச புல்லு. நான் அடிச்சது!"

"பூனைங்க புல்லு சாப்பிடும்தானே ஆன்ட்டி?"

"சீக்கு வந்தாதான் திங்கும். ஏற்கனவே சீக்கு, அதுக்கு மேல விஷம். நின்னு பேசாத லா!"

துணிக்கூடையில் பூனை, மேலே ஒரு துண்டு. ஒவ்வொரு சிக்னலிலும் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார், மூடினார், மறுபடி தூக்கினார்.

"தோட்டத்துல பேச்சியம்மாள் ஆடு இப்படித்தான் போச்சு. மருந்தடிச்ச எடம்னு செவப்புத் துணி கட்டித்தான் வச்சேன். ஆட்டுக்குத் துணி தெரியுமா? அவ திட்டியிருந்தா பரவால்ல, தம்பி. ஒரு வார்த்த சொல்லல. அதுக்கப்புறம் என் வாசப்பக்கமே வரல. இப்போ ஷர்மைனுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

சிக்னல் பச்சையானதை நான் கவனிக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

கால்நடை மருத்துவர் லோஷினி கிச்சாப்பின் ஈறையும் நாக்கையும் பார்த்தார். என்ன மருந்து என்று கேட்டார். ஆன்ட்டி பெயரைச் சொன்னார், எத்தனை மூடிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பதினெட்டு வருஷம்மா," என்றார் ஆன்ட்டி.

சீக்குதானே என்று ஆன்ட்டி கேட்டதற்கு மருத்துவர் தலையசைத்தார். "சீக்கு வந்தாதான் புல்லு திங்கும்னு இல்ல ஆன்ட்டி. நல்லா இருக்கிற பூனையும் திங்கும். காட்டுல திரிஞ்ச காலத்துல வயித்துப் புழுவத் தள்ளி விடறதுக்குப் பழகினது, இன்னும் விடலன்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியல. இப்போ எந்தப் புல்லுன்னுதான் எனக்குக் கவல. இங்கயே வச்சுப் பார்க்கிறேன்."

ஆன்ட்டியால் உட்கார முடியவில்லை. கடை வரிசையின் நடைபாதையில் கடைசிக் கடை வரை போனார், திரும்பினார். டைல்ஸ் இடுக்கில் ஒரு புல் முளைத்திருந்தது. குனிந்து பிடுங்கப் போனவர், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். அடுத்த சுற்றில் அதைத் தாண்டிக் கால் வைத்தார். எத்தனை சுற்று என்று எண்ணத் தொடங்கி நானும் பாதியில் விட்டுவிட்டேன்.

பதினொன்றரைக்கு மருத்துவர் ஒரு தட்டோடு வெளியே வந்தார். "வாந்தி எடுத்துடுச்சு. இத பாருங்க."

கறுப்பு முடிச் சுருள். அதில் சிக்கிய ஓர் இலைத்துண்டு. ஆன்ட்டி அதை டிஷ்யூவில் எடுத்து விரித்தார். விரலகலம் இருந்தது. ஓரம் கத்தியால் நறுக்கியது போல நேராக. குறுக்கே ஒரு மடிப்பு.

"இது புல்லில்ல."

"பின்ன?"

"இது என் மடிப்பு, தம்பி." மடிப்பை விரலால் தடவினார். "சனிக்கிழம கோயில்ல உக்காந்து நாப்பது சிலுவ மடிச்சேன். எனக்குத் தெரியாதா? அலமாக்! வீட்டுப் பீடத்துல வச்ச குருத்தோலையத் தின்னிருக்கு!"

மருத்துவர் சிரித்தார். "இந்த ஓலையால பயமில்ல. வேற எதுவும் தின்னிருக்கான்னு சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு அனுப்புறேன்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே ஆன்ட்டி பீடத்துப் படத்தடிக்குப் போனார். குருத்தோலைச் சிலுவை கவிழ்ந்து கிடந்தது, ஒரு பக்கக் கை இல்லாமல். அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தார்.

இரவு கிச்சாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஷர்மைன் கேட்டது வேலி தாண்டி என் காதில் விழுந்தது. "இன்னிக்கு ஓல. நாளைக்கு நிஜமாவே புல்லா இருந்தா, மா?"



மறுநாள் காலை வேலிக் கம்பியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. சன்னலுக்கெல்லாம் வலை. வாசல் படியில் ஒரு பிஸ்கட் டின் மண், அதில் ஊறவைத்த கோதுமை, கிச்சாப்புக்கென்று மருந்து படாத புல் முளைக்க. மதியத்துக்குள் ஆன்ட்டி ஆறு முறை வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, மருந்தடிச்சா எத்தன நாள்ல மஞ்சளாகும்னு கேளு, சொல்லுவேன். இது எத்தன நாள்ல வரும்?"

"ஒரு வாரம் ஆகலாம் ஆன்ட்டி."

"ஒரு வாரமா!"

உள்ளே போனார். வலைக்குப் பின்னால் கிச்சாப் கத்தியது. நான் ஒரு துணி உலர்த்தி முடிப்பதற்குள் ஆன்ட்டி மறுபடி வெளியே வந்து, டின்னருகே குந்தி, மண்ணை ஒரு விரலால் மெதுவாக விலக்கினார்.