டயர் கடைக்குப் பின்புறம்

பரமக்குடி சோலைமுத்துவுக்குத் துபாய் அல் கூஸில் ஒரு டைல்ஸ் கோடவுனில் ஸ்டோர் கீப்பர் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் அவர் பதிப்பாளர். சொந்தச் செலவில் ஷார்ஜாவில் அச்சடித்த மூன்று குழந்தைப் புத்தகங்களை, மேனேஜரின் அனுமதியோடு கோடவுன் மூலையில் அடுக்கி வைத்திருந்தார்.

2007இல், ஜெர்மனியில் தமிழ்ப் பள்ளி நடத்தும் யாழ்ப்பாணத்துப் பத்மா முந்நூறு பிரதி கேட்டார். சோலைமுத்து ரூம் முழுக்க லட்டு கொடுத்தார். மறுவாரம் பத்மாவிடமிருந்து போன்.

"அண்ணை, புத்தகத்திலை தெருப் பேர், இலக்கத்தோட உங்கட விலாசம் இருக்கோணும். இஞ்ச பொருள் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. இறக்குமதி செய்யிறவர் விடமாட்டன் எண்டு நிக்கிறார்."

"தபால் பெட்டி நம்பர் போட்டிருக்கேனேம்மா?"

"பெட்டிக்குள்ளயோ இருக்கிறியள்? பிள்ளையளுக்கு ஏதும் நடந்தா ஆரைத் தேடிப் போறது?"

"அனா ஆவன்னா படிச்சா என்னம்மா நடக்கும்?"

"அது எனக்குத் தெரியாது. விலாசத்தைத் தாங்கோ."

கோடவுன் இருந்த சந்துக்குப் பெயர் கிடையாது. கோடவுனுக்கு எண்ணும் கிடையாது. மேனேஜர் சிவசங்கரனிடம் கேட்டார்.

"லாரி தினமும் வருதேய்யா, அது எப்படி வருது?" என்றார் அவர்.

லாரிக்காரர்களுக்குப் போனில் வழி சொல்வதே சோலைமுத்துதான். சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் ஸ்டிக்கராக அடித்தார்: 'பெரிய டயர் கடைக்குப் பின்புறம், மூன்றாவது கேட், நீலத் தகரக் கதவு, அல் கூஸ், துபாய்.' முந்நூறையும் ஒட்டி முடிக்க இரண்டு வெள்ளி ஆயிற்று.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் பத்மா கூப்பிட்டார். "டயர் கடைக்குப் பின்புறம் எண்டதை அவர் தெருப் பேர் எண்டு நினைச்சிட்டார் அண்ணை. நான் வாயே திறக்கேல்லை."

நான்கு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு ஒரு காலை, டயர் கடைக்காரர் கடையைக் காலி செய்து சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். போர்டும் போய்விடுமே என்று சோலைமுத்து ஓடினார்.

"பாய், போர்டு மத் நிகாலோ! யூரோப் கா கானூன் ஹை!" போர்டைக் கழற்றக் கூடாதாம், ஐரோப்பியச் சட்டமாம்.

கடைக்காரப் பட்டாணியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். புதுக் கடைக்குப் புது போர்டு தயாராக இருந்ததால், "கலாஸ், முடிஞ்சுது, நீயே வச்சுக்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

ஜெர்மனியிலிருந்து யாரும் தேடி வரவில்லை. போர்டை நம்பிப் பஞ்சரான வண்டிகள்தான் வந்தன. டிரைவர்கள் மூடிய கடையைச் சுற்றிவந்து நீலக் கதவைத் தட்டுவார்கள். சோலைமுத்துவும் சளைக்காமல் புதுக் கடைக்கு வழி சொன்னார். ஒருநாள் அறந்தாங்கி டிரைவர் ஒருவர் எரிந்து விழுந்தார்.

"டயர் இல்லேன்னா அப்புறம் என்னத்தைய்யா விக்கிறீங்க?"

"புத்தகம்ண்ணே. பிள்ளைங்க படிக்கிறது."

டிரைவர் ஒன்றை வாங்கிக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். மகளுக்கென்று மூன்றையும் வாங்கிக்கொண்டு, ஜாக்கி இரவல் கேட்டார்.