கம்பளி அடைத்த பெட்டி

நம்பாதவர்கள் கோக்-தாஷுக்கு நேரிலேயே வரலாம். நாரின் நகரத்துக்குப் போகிற மலைச்சாலையில் இறங்கி, புருல் வீடு எது என்று கேட்டால் யாரானாலும் காட்டுவார்கள். முற்றத்தில் ஒரு தகர கராஜ். அதற்குள் பெட்டி இன்னும் இருக்கிறது. கருப்புப் பெயின்ட், முன்னால் ஒரு பெரிய ஸ்பீக்கர், அதற்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு காற்று ஓட்டை. அந்த ஓட்டையில் காதை வைத்துப் பாருங்கள். அதற்கு அப்புறமும் கட்டுக்கதை என்று தோன்றினால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

புருல் மாஸ்கோவில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் நான்கு வருடம் தட்டு கழுவியவள். வெயிலே படாத அந்தச் சமையலறைக்கு இனி செத்தாலும் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினாள். சேர்த்த பணத்தில் இரண்டு ஸ்பீக்கர், ஒலியைப் பெருக்க ஒரு ஆம்ப், ஒரு மைக் வாங்கினாள். எங்கள் பக்கம் கல்யாண விருந்துக்குத் தோய் என்று பெயர். தோய்க்குப் பாட்டு வைத்துப் பிழைக்கப் போகிறேன் என்றாள். ஊரே சிரித்தது. பொம்பளை எங்காவது தோய்க்கு ஸ்பீக்கர் கட்டுவாளா?

அப்படியும் ஒரு வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை. அவளிடம் இல்லாதது ஒன்றுதான், பேஸ். நெஞ்சில் வந்து இடிக்கிற அந்தச் சத்தம் இல்லாமல் எங்கள் ஊரில் ஒருவரும் ஆட எழுந்திருக்கமாட்டார்கள். முதல் தோயிலேயே சொதப்பினால் அடுத்து யாரும் கூப்பிடமாட்டார்கள். அப்புறம் அதே அடித்தளம், அதே தட்டுகள்.

ஊரில் பேஸ் பெட்டி வைத்திருந்தவர் மெதெர் ஒருவர்தான். பதினைந்து வருடமாகத் தோய்களுக்குப் பாட்டு வைப்பவர். வாடகைக்குக் கேட்டாள். அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்:

"நீ வைக்கிற தாலாட்டுக்குப் பேஸ் எதுக்கு தங்கச்சி?"

புருல் நேராக மரக்கடைக்குப் போய்க் கனமான ப்ளைவுட் வாங்கினாள்.

வாழ்க்கையில் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை அவள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தாள். அளவெடுக்கும்போது பலகையின் கனத்தைக் கணக்கில் விட்டுவிட்டாள். நான்கு பக்கமும் சேர்த்து நிறுத்தினால் மூடி உள்ளே விழுந்தது. திரும்ப அறுத்தாள். ஓரத்தில் திருகு போட்டபோது பலகை பிளந்தது. முதலில் துளை போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பசை விரலில் ஒட்டி, தலைமுடியில் ஒட்டி, கடைசியில் பலகையிலும் கொஞ்சம் ஒட்டியது. ஆனாலும் பெட்டி பெட்டியாகத்தான் வந்தது.

உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும் என்றது வீடியோ. அடைத்தால் சின்னப் பெட்டியும் பெரிய பெட்டி போல முழங்குமாம். அந்தப் பஞ்சு எங்கள் கடைகளில் கிடையாது. ஆனால் எங்கள் வீடுகளில் கம்பளிக்கு என்ன பஞ்சம்? பெட்டகத்தின் மேல் கம்பளி மெத்தைகளைக் கூரை முட்ட அடுக்கி வைப்பது வழக்கம். அடுக்கு எவ்வளவு உயரமோ, வீட்டுக்கு அவ்வளவு மரியாதை.

புருல் இருந்தது அவளுடைய பெரியம்மா கனிமெத்தின் வீட்டில். புருலுக்கு அம்மா இல்லை, இவள்தான் எல்லாம். ஊரில் எந்தப் பெண் இறந்தாலும் உடலைக் குளிப்பாட்டக் கனிமெத்தைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அவளே நுரையீரலில் நீர் கோத்து நாரின் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே போகும் முன் இரண்டு மாதமாக ராத்திரியில் அவள் மூச்சு சுவரைத் தாண்டிப் புருலுக்குக் கேட்டிருக்கிறது. இழுத்து விடும்போது கடைசியில் சின்னதாய் ஒரு விசில் வரும்.

அடுக்கின் அடியில் நீல உறை போட்ட மெத்தை ஒன்று இருந்தது. யாரும் படுத்ததே இல்லை. கேட்டால் பெரியம்மா தரமாட்டாள். அதனால் புருல் கேட்கவில்லை. ஓரத்தைப் பிரித்தாள், கம்பளியை உருவினாள், பழைய துணியை அடைத்துத் தைத்து அதே இடத்தில் சொருகிவிட்டாள். வெள்ளைக் கம்பளி, புதுசு. பெட்டிக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது.

வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டரை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய் வருகிற நேரமே இல்லை, இதை நினைவில் வையுங்கள்.

பெட்டியில் எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு அர்ச்சா என்ற மலைமரத்தின் குச்சியைக் கொளுத்தினாள். கெட்டது அண்டாமல் இருக்க வீட்டில் புகை போடுகிற அதே குச்சிதான். ஸ்பீக்கரில் மெல்லிய உறுமல் ஒன்றை ஓடவிட்டு, இணைப்பு இணைப்பாகப் புகையைக் காட்டினாள். கசிவு இருந்தால் அங்கே புகை சிதறும். வலது கீழ் மூலையில் சிதறியது. ஆம்பை அணைத்தாள். மூலையில் பசை வைத்தாள்.

எழுந்திருக்கும்போது பார்த்தாள். கையிலிருந்த குச்சியின் புகை மேலே போகவில்லை. காற்று ஓட்டையை நோக்கிச் சாய்ந்தது...

உள்ளே போனது.

கொஞ்சம் நின்றது.

வெளியே வந்தது.

கதவுக் காற்று என்று நினைத்து எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே... வெளியே... ஆம்பைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. ஒயரைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

உள்ளே... வெளியே...

ஸ்பீக்கரின் கருப்புக் காகிதம் மெல்ல மேலெழுந்து மெல்லத் தாழ்ந்தது. யாரும் தொடவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மெதெர் வந்தார். பெட்டி இளித்திருக்கும், பார்த்துச் சிரிக்கலாம் என்று வந்தவர். இரண்டு அடி வைத்தவர் நின்றுவிட்டார். புருலின் கையில் தொங்குகிற ஒயரைப் பார்த்தார். அசைகிற ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"உள்ள என்ன வச்சிருக்க?"

"கம்பளி."

"யாரோடது?"

"பெரியம்மாவோடது."

அவர் உடனே பிரித்துக் கம்பளியை எரிக்கச் சொன்னார். சனிக்கிழமைக்குத் தன் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார், வாடகைகூட வேண்டாமாம். மூன்று நாள் முன்பு பல் குத்திய மனுஷன். புருல் அசையவில்லை. அவர் தரையில் கிடந்த துணியை எடுத்துச் சுருட்டி, காற்று ஓட்டையில் திணித்துவிட்டார்.

ஸ்பீக்கர் உள்ளே இழுத்துக்கொண்டது. அப்படியே நின்றது. நடுங்கியது. பெட்டிக்குள் ஏதோ திணறியது.

அப்புறம்... ஒரு விசில்.

சின்னது. மூச்சின் கடைசியில் வருகிற விசில்.

புருல் மெதெரைத் தள்ளிவிட்டுத் துணியைப் பிடுங்கி எறிந்தாள். உள்ளிருந்து சூடாகக் காற்று வந்து அவள் முகத்தில் பட்டது. மருந்து வாசனை அடித்தது. பால் கலந்த டீயின் வாசனையும் இருந்தது. பெரியம்மா குடிக்கிற உப்பு டீ.

ஒரு மூச்சு.

இன்னொன்று... மெதுவாக.

இன்னொன்று... ரொம்ப நேரம் கழித்து.

அப்புறம் இல்லை.

புகை நேராக மேலே போனது.

மெதெர் தொழுகைச் சொற்களை முணுமுணுக்க ஆரம்பித்தார். இறந்தவர்களுக்குச் சொல்வது. புருலுக்குக் கோபம் வந்தது. பயம் இருந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. மாஸ்கோ சமையலறையில் ஒருவன் மயங்கி விழுந்தபோது, பக்கத்தில் இருந்தவன் அவன் நெஞ்சில் குத்திக் குத்தி எழுப்பியதைப் பார்த்தவள் அவள்.

"வாய மூடுங்கண்ணே. இன்னும் யாரும் சாகல."

ஒயரைச் செருகினாள். அவளிடம் இருந்ததிலேயே கனமான தாளத்தைப் போட்டாள். ஒலியைக் கடைசி வரை திருப்பினாள்.

டும்.

தகரக் கூரை அதிர்ந்தது. டும். ஆணி டப்பா தரையில் கொட்டியது. டும். மெதெர் காதைப் பொத்திக்கொண்டு ஓடியே போனார். புருல் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். "என் பெட்டிக்குள்ள வந்து சாவுறீங்களா? விடமாட்டேன். தாளத்துல மூச்சு விடுங்க, பெரியம்மா. ம்... விடுங்க." அழுதுகொண்டேதான் சொன்னாள்.

பக்கத்து வீட்டார் வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டினார்கள். திறக்கவில்லை.

நடுவில் கரண்ட் போனது. ஆம்ப் அணைந்தது. பாட்டு நின்றது.

டும்.

பெட்டி மட்டும் நிற்கவில்லை.

டும்... டும்... கரண்ட் வருகிற வரை அது தானாகவே இடித்தது. அவள் உள்ளங்கையின் கீழே இடித்தது. ஒன்றில்கூடத் தாளம் தப்பவில்லை.

பொழுது சாய்ந்ததும் அணைத்தாள். பெட்டி அமைதியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மதியம் மூச்சு நின்றுபோனதாகவும், டாக்டரே கைவிட்ட பிறகு தானாகத் திரும்பியதாகவும் நர்ஸ் சொன்னாள். இப்போது எழுந்து உட்கார்ந்து, டீயில் உப்பு இல்லை என்று சண்டை போடுகிறாளாம்.

சனிக்கிழமை தோயைப் பற்றி ஊரில் இன்றும் பேசுகிறார்கள். முதல் பாட்டுக்கே பெண்ணின் தாத்தா எழுந்து ஆடினார். மேஜையில் கோப்பைகள் நகர்ந்தன. மெதெர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. அன்றைக்கே இரண்டு பேர் புருலிடம் அடுத்த தோய்க்குப் பேசிவிட்டுப் போனார்கள். மாஸ்கோ தட்டுகள் ஒழிந்தன.

ஒரு சின்ன விஷயம்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மைக்கில் யாரோ மூச்சு விடுவது கேட்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். புருல் குனிந்து கேட்டாள். கேட்டது. மெதுவான, ஆழமான மூச்சு. அதில் விசில் இல்லை.

பெரியம்மா வீடு வந்ததும் முதல் வேலையாக மெத்தை அடுக்கைப் பார்த்தாள். தொட்டதுமே தெரிந்துவிட்டது. அது அவள் தன் கடைசி நாளுக்கென்று தன் கையால் தைத்தது, தன்னைக் கிடத்த. புருல் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும் என்று நினைத்தாள். பெரியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதானா? நெஞ்சுல ஏறி நின்னு யாரோ இடிச்சாங்க. எந்த வெக்கங்கெட்டவன்டான்னு திட்டிக்கிட்டே கெடந்தேன்."

சிரிப்பு அடங்கியதும் இன்னொன்றும் சொன்னாள். அன்று கட்டிலின் கால்மாட்டில் ஒருவன் வந்து நின்றானாம். இத்தனை வருடம் இத்தனை பேரைக் குளிப்பாட்டியவளுக்கு அவன் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையைக்கூட நீட்டிவிட்டானாம். அப்போது அந்தச் சத்தம் ஆரம்பித்திருக்கிறது. அவனுக்குப் பொறுக்கவில்லை. என்ன சத்தம் என்று பார்க்கப் போனவன், திரும்பி வரவே இல்லையாம்.

அவளே நடந்து கராஜுக்குப் போனாள். முழங்காலிட்டுக் காற்று ஓட்டையில் காதை வைத்தாள். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"புருல்... இது என் மூச்சு இல்ல."

புருல் திருப்புளியை எடுத்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொறக்காதடி."

"தொறக்க யாரு போறா?" என்றாள் புருல். "முடுக்கப் போறேன்."

அன்று மூடியில் எட்டுத் திருகு இருந்தது. இப்போது பதினாறு. பெட்டி வாரா வாரம் தோய்க்குப் போகிறது. தூக்குகிறவர்கள் முன்னைவிடக் கனக்கிறது என்கிறார்கள். புருல் அதைக் கண்டுகொள்வதில்லை. என் கையால் செய்த பெட்டி, உள்ளே யார் இருந்தாலும் எனக்காகத்தான் உழைக்க வேண்டும் என்கிறாள்.

அது இலையுதிர் காலம். பனி பெய்து, உருகி, இப்போது புல் முளைத்துவிட்டது. இதுவரை கோக்-தாஷில் உடல் குளிப்பாட்ட யாரும் கனிமெத்தைக் கூப்பிடவில்லை. ஒருவர்கூட இல்லை.

கடைசித் தெருவில் கெரிம்குல் என்று ஒரு பெரியவர். குளிர்காலம் தொடங்கும்போதே டாக்டர் நாள் குறித்துவிட்டார். சொந்தபந்தம் வந்து அழுது, காத்திருந்து, சலித்து, ஊர் திரும்பிவிட்டது. அவர் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வலி மட்டும் இருக்கிறது. எழுந்து வாசலைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. காதும் கேட்காது.

போன வாரம் அவர் தன் மகனைப் புருலிடம் அனுப்பியிருந்தார். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தான்.

"அந்தப் பதினாறு திருகுல ஒண்ணே ஒண்ண மட்டும் கழட்டச் சொல்றாரு."

திருகுகளைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.