போயா நாளில் பிள்ளைக் காம்பரா

வெள்ளி, காலை 5.55. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ரயில் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. மூன்றாம் வகுப்பு, எழுநூறு ரூபாய், 292 கிலோமீற்றர், பத்து மணி நேரம். உட்கார இடம் கிடைத்தது நானுஓயாவில்தான். இந்தப் பாதையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அருவியையும் மூடுபனியையும் எழுதுகிறார்கள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. மாதாமாதம் போகிறவளுக்கு ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்பது மட்டும்தான் கண்ணில் படும்.

நான் கட்டுநாயக்காவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். கணவரைப் பிரிந்து இரண்டு வருடமாகிறது. ஏழு வயது மகள் தர்ஷினி அவரோடு, தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், இருக்கிறாள். நீதிமன்றம் எனக்குக் கொடுத்திருந்தது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. இடம், தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. அங்கே பொறுப்பாக இருக்கும் சரோஜா அக்கா நான் வந்ததை ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைப்பார். பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளையை என்னோடு கூட்டிப்போக அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தேன். அதற்கு அந்தக் கொப்பிதான் சாட்சி. போன மாதம் ஓவர்டைம் என்று லீவு தரவில்லை, போக முடியவில்லை. இந்த மாதமும் தவறினால் மனுவை மறந்துவிட வேண்டியதுதான் என்று என் வக்கீல் சொல்லியிருந்தார்.

இந்த முறை லீவு கேட்டபோது சூப்பர்வைசர் முகம் சுளிக்கவில்லை. வெள்ளிக்கிழமையை மட்டும் குறித்துக்கொண்டு, போய் வா என்றாள். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். ரயிலில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். ஏன் இத்தனை பேர் என்று ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை.

மாலை 4.10. பதுளை. வாசலில் நின்ற அலுவலர் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அன்று சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் தங்கினேன்.

சனி, காலை 7.00. பஸ் நிலையத்துக்கு வந்தபோது தெருவெல்லாம் வெள்ளை உடை. கையில் தாமரைப் பூவோடு விகாரைக்குப் போகிறார்கள். இறைச்சிக் கடைகள் மூடியிருந்தன. போயா. பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. சூப்பர்வைசர் ஏன் சனிக்கிழமையைக் குறிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது சனி, இரண்டாவது சனி என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்த எனக்குப் பௌர்ணமியைப் பார்க்கத் தெரியவில்லை. போயா அன்று தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பிள்ளைக் காம்பராவும் இல்லை. சரோஜா அக்காவின் போனுக்கு நாலு முறை எடுத்தேன், பதில் இல்லை.

ஹாலி-எல வழியாகத் தெமோதரை, பன்னிரண்டு கிலோமீற்றர், எண்பது ரூபாய். அங்கிருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீற்றர் ஏற்றம், ஆட்டோவுக்கு அறுநூறு. ஓட்டியவர் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசினார். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார், சொன்னேன். பிள்ளையைக் காட்டாவிட்டால் நேரே பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதிவிடுங்கள், நீங்கள் வந்ததற்கு அதுவே அத்தாட்சி, நான் கீழே நிற்கிறேன் என்றார். மூளையுள்ள மனிதர்.

9.05. கதவில் பூட்டு. சுவரில் யாரோ வரைந்த மஞ்சள் முயல் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து லயத்திலிருந்து சரோஜா அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"லீவு நாள்ல தொறந்தா தொர கேப்பாரும்மா. கொப்பியும் ஆபீஸ்ல பூட்டிக் கெடக்கு. நா என்னா செய்ய?"

அவர் மேல் தப்பில்லை. தோட்டத்து மானேஜர் துரை ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு வேலை போய்விடும்.

அதற்குள் என் நாத்தனார் வந்துவிட்டார், கணவரின் அக்கா. தர்ஷினியை வளர்ப்பது அவர்தான். கணவர் எல்லவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவதில்லை. ஓர்டரில் பிள்ளைக் காம்பரா என்றுதானே இருக்கிறது, அது பூட்டியிருந்தால் தான் என்ன செய்வது என்று நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். பொலிசுக்குப் போகிறேன் என்று திரும்பினேன்.

பத்தடி நடந்ததும் பின்னாலேயே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"செல்வி, பொலிசுக்குப் போனா ஒனக்குப் பேப்பரு கெடைக்கும். புள்ள கெடைக்காது. கோயிலுக்குப் பின்னால வந்து இரு, ஒரு மணி நேரம் விடுறேன். போட்டோ எடுக்கக் கூடாது, வந்தத யாருகிட்டயும் சொல்லவும் கூடாது. தம்பிக்குத் தெரிஞ்சா என்னய லயத்த விட்டே வெரட்டிப்புடுவான்."

புருஷன் இல்லாத பெண், தம்பி வீட்டில் ஒண்டியிருப்பவர். பொய் சொல்லவில்லை.

கீழே ஆட்டோ நின்றது. பொலிசுக்குப் போனால் நாள் முழுக்கப் போய்விடும், ஆனால் கையில் காகிதம் இருக்கும். அந்தக் காகிதம் இருந்தால் விடுமுறைக்குப் பிள்ளை முழுசாக ஒரு வாரம் என்னோடு இருக்கலாம். இல்லையென்றால் இன்றைக்கு ஒரு மணி நேரம். கணக்குத் தெரிந்தவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு மாதமாக அவளைப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரரைப் போகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

10.00. கோயிலுக்குப் பின்னால் தேயிலைக்குள் இறங்கும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். தர்ஷினிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. எப்போது விழுந்தன என்று கேட்டேன், ஒன்று போன மாதம் என்றாள். போன மாதம் நான் வராத சனிக்கிழமை என்னை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைத் துண்டுத் துணியில் நான் தைத்துக் கொண்டுவந்த கவுனைப் போட்டுப் பார்த்தாள், அளவாக இருந்தது. பிறகு தானே கழற்றி மடித்து என் பைக்குள் வைத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா கேட்பார் என்று அத்தை சொல்லியிருந்தாளாம்.

ஒரு மணி நேரம் முடிந்து நாத்தனார் கூப்பிட்டதும் எழுந்தாள். இரண்டு படி ஏறித் திரும்பினாள்.

"அப்பா கேட்டா, அம்மா இந்த மாசமும் வரலன்னு சொல்லணும். நா சரியாச் சொல்லிருவேன்மா."

"சரியாச் சொல்லு," என்றேன்.

பகல் 1.00. பண்டாரவளை வழியாகக் கொழும்பு பஸ். வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எங்கே சாவு என்று கேட்டார்.

நான் தங்கியிருக்கும் போர்டிங் விடுதி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அங்கிருந்து டுபாய்க்குப் போகிறார்கள், ஐந்து மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு ஒரே நாட்டுக்குள் பிள்ளையிடம் போகப் பத்து மணி நேரம்.

வழக்கின் அடுத்த தவணையில் கணவரின் வக்கீல் கொப்பியை நீட்டினார். இரண்டு மாதமும் வெறுமையாக இருந்தது. தாய் வரவில்லை என்று பிள்ளையே சொன்னதாகவும் சொன்னார். நீதிபதி என்னைப் பார்த்து, வந்தீர்களா என்று கேட்டார். கணவர் அந்தப் பக்கம் நின்றிருந்தார். நான் வந்தேன் என்று சொன்னால், அன்று மாலை லயத்துக்குப் போய் அவர் முதலில் தர்ஷினியைத்தான் கேட்பார்.

"வரவில்லை," என்றேன்.