வெள்ளைத் துணிக்குள் கத்தரிச் செடிகள்

நைனாவுக்கு வாதம் அடித்தது படகில்தான். வலை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கையும் காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த மூத்த மகள் நான்தான் அவருக்குத் துணை.

எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "பின்னால கொஞ்சம் கத்தரி வெக்கலாமா?" என்றார்.

ஆயுசில் ஒரு செடி நட்டவர் இல்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் தீவாகக் கிடக்கும் பசியாவரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பதும் வெறும் மணல். ஆனாலும் அவர் ஒன்றை வேண்டும் என்று கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது. எருவும் செம்மண்ணும் படகில் கொண்டுவந்து மூன்று பாத்தி போட்டேன். நைனா உட்கார்ந்தபடியே நகர்ந்து, இடது கையால் நாற்று ஊன்றினார்.

பத்தே நாளில் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டது. கடலிலிருந்து வரும் உப்புக் காற்று தளிரை விடவில்லை. விட்டதைப் பூச்சி தின்றது. நைனா ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

காட்டூரில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு போன் பண்ணினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிச் சுருளோடு வந்து இறங்கினாள். வெள்ளையாக, கொசுவலையைவிட நெருக்கமாக, ஊதினால் பறக்கிற மாதிரி லேசாக இருந்தது.

"எங்க தர்பூசணிக்குப் போட்டு மிச்சமானது அக்கா. வெயிலும் தண்ணியும் உள்ள போவும், பூச்சி போவாது. காத்தும் நேரா அடிக்காது."

"இத்த செடி மேல போத்திடறதா?"

"மேல படக்கூடாது. வளையம் நட்டு அது மேல போடணும்."

மூங்கிலைப் பிளந்து வளைத்து, பாத்தி நெடுக நட்டோம். துணியை அதன்மேல் இழுத்துப் போட்டதும் படகுக் கூண்டு மாதிரி மூன்று கூடாரங்கள் எழுந்தன. ஓரம் பறக்காமலிருக்க நைனா தன் பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றச் சொன்னார். "இனிமே அந்த வலை எதுக்கு?" என்றார். கழற்றிக் கொடுத்தேன்.

இந்த முறை ஊன்றிய புது நாற்றுகள் பிடித்துக்கொண்டன. காலையில் எழுந்ததும் நைனா துணியின் ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டு வெகுநேரம் இருப்பார். "ஊதாப் பூ உட்டுக்கீது, வந்து பாரு" என்று ஒரு நாள் கூப்பிட்டார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிஞ்சு பிடித்த வாரம் புயல் சின்னம் என்று சொன்னார்கள். மற்றவர்கள் படகுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்க, நான் துணியின் இரு பக்கமும் மணல் மூட்டை அடுக்கினேன். நைனா வாசலில் உட்கார்ந்து, "அந்த மூலை, அந்த மூலை" என்று காட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு பகல் முழுக்கக் காற்று அடித்தது. துணி கிழியவில்லை. ஆனால் முகத்துவாரம் வழியாகக் கடல் ஏரிக்குள் ஏறி, சாயங்காலம் எங்கள் பின்பக்கமாக வந்தது. அலையோ சத்தமோ இல்லை. மணலுக்குள்ளிருந்து ஊறுவது போல எழும்பிப் பாத்திகளுக்குள் புகுந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வாளியால் இறைத்தேன். இறைக்க இறைக்க அது திரும்பி வந்தது.

"உட்டுடும்மா," என்றார் நைனா. "மேலதான் மூடினோம். கீழ இன்னா போட்டு மூடுவ?"

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. துணிக்குள் செடிகள் பச்சையாகவே நின்றன. ஒருவேளை பிழைத்துவிடும் என்று நினைத்து, குடிக்கப் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரில் நாலு குடம் வேரில் ஊற்றினேன். போதாது என்று ஊற்றும்போதே தெரிந்தது. மறுநாள் இலை தொங்கியது. பிஞ்சுகள் காம்போடு சுருங்கின. நைனா ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பதும் போடுவதுமாக இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். நிற்பதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார்.

தங்கை வந்து, உப்பு இறங்க ரெண்டு மழைக்காலம் ஆகும் என்றாள். காட்டூர் மண் நிரப்பி நாலு பையில் நாற்று வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அவற்றை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். ரெண்டு பிடித்துவிட்டது. "நைனா, தளிர் உட்டுக்கீது" என்று நேற்றுகூடச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே "ம்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.